சிம் என் பேரில், விசா என் பேரில்: துபாயில் ஒரு கோடை இன்டர்ன்ஷிப்

2025 ஜூன் 2-ம் தேதி மதுரையிலிருந்து துபாய்க்கு விமானம் ஏறினேன். எம்பிஏ முதலாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் 45 நாள் இருந்து சான்றிதழும் அறிக்கையும் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. எங்கள் சீனியர்கள் பெரும்பாலும் மதுரையில் ஒரு பைக் ஷோரூமிலோ நூல் மில்லிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டில் தூங்கியவர்கள். எனக்கு அப்படிச் செய்ய மனமில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதுபவர் என் அப்பா. எங்கள் ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிற சரக்கு கடைசியில் வளைகுடாவில் யாரோ ஒருவருடைய காபியில் விழுகிறது என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அதனால் ஒரு கன்சல்டன்சிக்காரர் கல்லூரிக்கு வந்து 'துபாயில் 60 நாள் பிசினஸ் இன்டர்ன்ஷிப்' என்று படம் போட்டுக் காட்டியபோது, வகுப்பில் முதலில் கை தூக்கியது நான்தான்.

கட்டணம் 95,000 ரூபாய். விசா, வேலை ஏற்பாடு, விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போவது, முதல் மாதத் தங்குமிடம், சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். டிக்கெட் தனி, போக வர 23,500. மாதம் 1,500 திர்ஹம் உதவித்தொகை கிடைக்கும், அதில் போட்ட பணத்தில் பாதி திரும்பிவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்து ஒரு லட்சம் வாங்கினோம். பணத்தை நிறுவனத்தின் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பவில்லை. அவர் சொன்ன ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்தோம், 40,000, அப்புறம் 55,000. ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் 'ரிசீவ்டு, தேங்க்ஸ்' என்று வந்தது. அதையே ரசீதாக நினைத்துக்கொண்டோம். கல்லூரியில் என் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் திரும்பி வந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் திரும்பாமல் இருந்ததற்கு அந்த ஃப்ளெக்ஸ் ஒரு முக்கியமான காரணம்.

விசா என் கைக்கு வந்தது கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப். பாதி அரபி, பாதி ஆங்கிலம். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று மட்டும் பார்த்தேன். "அறுபது நாள்தானே அண்ணா?" என்று கேட்டேன். "அதுலயே போட்டிருக்கு பாரு தம்பி, சிக்ஸ்ட்டி டேஸ்" என்றார். உண்மைதான், 60 என்று போட்டிருந்தது. அது எதற்கான அறுபது என்பதை நான் படிக்கவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

துபாயில் இறங்கி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. உள்ளே ஏசி குளிர், வெளியே ராத்திரி பத்து மணிக்கும் குளியலறையில் வெந்நீர் போட்டதுபோல் புழுக்கம். துடைக்கத் துடைக்க மறுபடி மூடுகிறது. அப்புறம் ஏழு வாரமும் மெட்ரோவிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஒரு லொகேஷன் வந்தது, டாக்ஸி பிடித்துப் போனேன். தெய்ராவில் முரக்கபாத் பகுதியில் ஒரு பழைய கட்டடம். ஹாலைப் பிளைவுட் பலகையால் நான்காகத் தடுத்திருந்தார்கள். ஒரு தடுப்புக்குள் மூன்று பங்க் கட்டில், ஆறு பேர். என்னுடையது மேல் கட்டில். படுத்துக் கையை நீட்டினால் ஏசி காற்று வரும் ஓட்டை. இதைத்தான் அங்கே பெட் ஸ்பேஸ் என்கிறார்கள். 'முதல் மாதத் தங்குமிடம்' என்பது 15 நாள்தான் என்பதும் அன்று இரவே தெரிந்தது.

மறுநாள் அலுவலகம். விளம்பரப் படத்தில் பிசினஸ் பே என்ற பகுதியில் புர்ஜ் கலிஃபா தெரிகிற கண்ணாடி அறை இருந்தது. நான் போய்ச் சேர்ந்தது தெய்ராவில் யூனியன் மெட்ரோவிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் ஒரு பிசினஸ் சென்டர். மணிக்கணக்கில் மேஜை வாடகைக்கு விடும் இடம். அந்த நிறுவனத்துக்கென்று பெயர்ப்பலகை கூட இல்லை. எங்களை மாதிரி இன்டர்ன்கள் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கோடு, ஹைதராபாத், கராச்சி, நைரோபி என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும். மேனேஜர் தமிழர். "நம்ம ஊர்ப் பையனா, வா தம்பி" என்று தோளில் கை போட்டார். அந்த ஒரு கையில் என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. முதல் வேலையாக, பாஸ்போர்ட்டை 'பத்திரமா' ஆபீஸில் வைத்துவிடச் சொன்னார்கள். கோழிக்கோட்டுப் பையன் மட்டும் கொடுக்க முடியாது என்றான். அங்கே ஒருவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு என்று அவனுடைய அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் பின்னாலேயே நானும் முடியாது என்று சொன்னேன். அந்த இரண்டு மாதத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அது. அதுவும் இன்னொருத்தனைப் பார்த்துச் செய்தது.

இரண்டாவது வேலை, சிம் வாங்குவது. அவரவர் பாஸ்போர்ட்டைக் காட்டி அவரவர் பெயரில் ஒரு சிம் வாங்கி வரச் சொன்னார்கள். பில் கொடுத்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை, அது போகட்டும். அப்புறம் ஒரு எக்செல் ஷீட் வந்தது. இரண்டாயிரம் பெயர்கள், எண்கள். ஒரு நாளைக்கு 120 அழைப்பு. கூப்பிட்டு, "சார், துபாயில் கம்பெனி ஆரம்பிக்க விருப்பமா, கோல்டன் விசா வேண்டுமா" என்று கேட்க வேண்டும் (கோல்டன் விசா என்பது அங்கே பல வருடம் தங்க அனுமதிக்கும் விசா). ஆர்வம் காட்டினால் மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டும். இதற்குப் பெயர் 'மார்க்கெட் ரிசர்ச்'. முதல் வாரம் நான் இதை ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பேசத் தயங்கின எனக்கு வாய் திறந்தது. ஒரு லெபனான்காரர் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசிவிட்டு, "வேறு வேலை தேடு மகனே" என்று சொல்லி வைத்தார். அதைக்கூடச் சிரிப்புக் கதையாக அறையில் சொன்னேன். இடையில் பக்ரீத்துக்கு நாலு நாள் விடுமுறை. ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா என்கிற படகில் ஏறி, ஊருக்கு நடுவே ஓடும் க்ரீக் என்கிற கழியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆறு தடவை போய் வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் கோழிக்கோட்டுப் பையனுடைய எண் திடீரென்று செத்துப்போனது. சிம்மில் ஏதோ கோளாறு என்று கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. விளம்பர அழைப்பு செய்ததற்காக எண்ணைத் துண்டித்திருக்கிறார்கள், 5,000 திர்ஹம் அபராதமும் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் காசில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அந்த நாட்டில் புது விதி நடப்பில் இருக்கிறது. போனில் பொருளோ சேவையோ விற்க வேண்டும் என்றால் நிறுவனம் முன் அனுமதி வாங்க வேண்டும், நிறுவனத்தின் பெயரில் பதிவான எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும், காலை 9 முதல் மாலை 6 வரைதான் கூப்பிடலாம். தனிநபர் தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் முதல் தடவைக்கு 5,000, மறுபடி செய்தால் 20,000, அதற்கு மேல் 50,000 வரை போகும். எங்களை ஏன் அவரவர் பெயரில் சிம் வாங்கச் சொன்னார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் மேனேஜரிடம் போய் நின்றான். நானும் கூடப் போனேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "சிம் யார் பேர்ல இருக்கு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்று இரவு மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். சிம் என் பேரில். விசா என் பேரில். கட்டிலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என் பேரில். அந்த நிறுவனம் எனக்குக் கொடுத்த காகிதம் எது என்று தேடினால், ஒரே ஒரு ஆஃபர் லெட்டர். அதில் லைசென்ஸ் எண் இல்லை, முத்திரை இல்லை, கையெழுத்து என்று ஒரு படத்தை ஒட்டியிருந்தார்கள். மாட்டிக்கொள்வதற்கான ஆதாரம் முழுக்க என் பக்கம். அவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை.

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். துபாயைப் பொறுத்தவரை நிறுவனத்துக்கு டிரேட் லைசென்ஸ் எண் கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அந்நாட்டுப் பொருளாதார, சுற்றுலா அமைச்சகத்தின் தேசியப் பொருளாதாரப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது. லைசென்ஸ் எண் தரத் தயங்குகிற நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், நான் போனது போல் சுற்றுலா (விசிட்) விசாவில் போய் அங்கே வேலை செய்யவே கூடாது. சம்பளம் இல்லாத பயிற்சிதானே என்ற சமாதானம் எடுபடாது. நிறுவனம் மனிதவளத் துறையிடமோ தன்னுடைய ஃப்ரீ ஸோன் (தனி வணிக மண்டலம்) அதிகாரத்திடமோ உங்கள் பெயரில் பயிற்சி அனுமதி வாங்க வேண்டும். பயிற்சிக்கென்றே தனி நுழைவு அனுமதியும் இருக்கிறது. 'விசிட்ல வாங்க, வந்ததுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். வேறு வேலை கொடுங்கள், ரிப்போர்ட் எழுதுகிறேன், எக்செல் பார்க்கிறேன் என்றேன். "அப்போ சர்டிபிகேட்டும் வேற இடத்துலயே வாங்கிக்க" என்றார்கள். உதவித்தொகையைக் கேட்டேன், அது 'பெர்ஃபார்மன்ஸ்' பார்த்துத்தான் என்றார்கள். ஒரு திர்ஹம்கூட வரவில்லை. கோழிக்கோட்டுப் பையன் அபராதத்தை அவனுடைய மாமா மூலமாகக் கட்டினான். என் எண்ணுக்கு எதுவும் வரவில்லை. பதினைந்து நாளில் நான் செய்த ஆயிரத்துச் சொச்சம் அழைப்பில் ஒருவர்கூடப் புகார் கொடுக்காதது வெறும் அதிர்ஷ்டம். நான் நேர்மையாகப் பேசினேன், மரியாதையாகப் பேசினேன் என்பதெல்லாம் அதற்குக் காரணமில்லை. அவனும் அப்படித்தான் பேசினான்.

வீட்டில் சொல்லவில்லை. வாட்ஸப் கால் அங்கே வேலை செய்யாது, போட்டிம் என்று ஒரு செயலியில்தான் அம்மாவிடம் பேசுவேன். "சாப்ட்டியா ய்யா, வேலை எப்டி இருக்கு" என்பாள். "நல்லா இருக்கும்மா" என்பேன். ஜூன் 23 இரவு கத்தாரில் இருந்த அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டது. அன்றைக்கு நான் தூங்கி எழுந்து பார்த்தால் பதினோரு தவறிய அழைப்பு. டிவியில் வளைகுடா வரைபடம் போட்டு அம்புக்குறி காட்டியிருக்கிறார்கள், அம்மாவுக்குக் கத்தாரும் துபாயும் ஒன்றுதான். "கிளம்பி வந்துரு" என்று அழுதாள். கிளம்பியிருக்கலாம். டிக்கெட் தேதியை மாற்ற 450 திர்ஹம் ஆகியிருக்கும். சான்றிதழ் இல்லாமல் போய் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே எப்படி நிற்பது என்ற யோசனையில் இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்புகூட வரவில்லை.

அந்த வாரமே தங்கின இடமும் போனது. பிளைவுட் தடுப்பு வைத்து அறைகளை வாடகைக்கு விடுவதற்கு எதிராகத் துபாய் மாநகராட்சி அந்த ஜூனில் பல பகுதிகளில் நடவடிக்கை எடுத்தது. முரக்கபாத்தும் அதில் ஒன்று. தீப்பிடித்தால் ஒருத்தனும் வெளியே வர முடியாது என்பதுதான் காரணம். எங்கள் ஹாலைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். வாட்ச்மேன் வந்து, நாளைக்குள் காலி பண்ணுங்கள், பலகையைப் பிரிக்கப்போகிறோம் என்றார். முதல் பதினைந்து நாள் முடிந்ததும் நான் ஒரு மாதத்துக்கு 700 திர்ஹம் வாடகையும் 200 அட்வான்ஸும் கொடுத்திருந்தேன். இன்னும் 21 நாள் மீதி. வாடகை வாங்கினவருடைய எண் அணைந்திருந்தது. அந்த வீட்டுக்கு அவர் சொந்தக்காரரே இல்லை. அவரும் வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டவர். ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. 16,000 ரூபாய் போனது. அங்கே வாடகை ஒப்பந்தத்தை எஜாரி என்ற பதிவில் ஏற்ற வேண்டும், கூடத் தங்குகிறவர்களின் பெயரையும் சேர்க்க வேண்டும். கட்டில் ஒன்றுதானே என்று நினைக்காமல், எஜாரி யார் பேரில் இருக்கிறது, என் பெயரைச் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் ஸ்டோரில் சரக்கு எடுக்கிற ஒருவருடைய உறவுக்காரர், கம்பத்துக்காரர், அல் குசைஸில் இருந்தார். இதுவரை அவரைக் கூப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். கூப்பிட்டேன். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், "பெட்டியத் தூக்கிட்டு வா, க்ரீன் லைன் மெட்ரோல ஏறு" என்றார். போனதும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உன் பேரையும் வீட்டுல ஏத்தணும்டா, விசா காப்பி குடு" என்றார். போனில் காட்டினேன். பெரிதுபடுத்திப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி, இன்னிக்கு இருபத்தெட்டு. உனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு" என்றார்.

60 என்று இருந்தது, விசா வெளியான நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற கெடு. தங்கும் காலம் அதற்குக் கீழே தனி வரியில் இருந்தது. 30 நாள். நான் நுழைந்தது ஜூன் 2. ஜூலை 1 கடைசி. அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். நான் திரும்புவதற்கான டிக்கெட் ஜூலை 24. அந்தக் கம்பத்து அண்ணன் என் பெயரை ஏற்ற விசா கேட்காமல் இருந்திருந்தால் 23 நாள் அபராதத்தோடு விமான நிலையத்தில் நின்றிருப்பேன். இதைப் படிக்கிறவர் விசா கையில் வைத்திருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். நுழைவதற்கான கெடு ஒன்று, தங்கும் நாள் வேறொன்று. நுழைகிற நாளே முதல் நாள். துபாய் விசா என்றால் ஜிடிஆர்எஃப்ஏ எனும் துபாய் குடிவரவுத் துறையின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கவும் முடியும். விசா கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் வருகிறது என்றால், உங்களுக்குப் படிக்க நேரம் இருக்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருக்கலாம்.

கன்சல்டன்சிக்கு போன் போட்டேன். "அறுபதுன்னா ரெண்டு முப்பது தம்பி, எக்ஸ்டென்ஷன் உங்க செலவு" என்று கூசாமல் சொன்னார். விசாவை எடுத்துக் கொடுத்தது துபாயில் ஒரு டிராவல்ஸ். நீட்டிப்பும் அவர்கள் வழியாகத்தான். இரண்டு நாள் இழுத்தடித்து, நாள் தாண்டினால் ஓடிப்போனவன் என்று புகார் கொடுப்போம் என்றும் பயமுறுத்தி, கடைசியில் 1,050 திர்ஹம் வாங்கிக்கொண்டு முப்பது நாள் நீட்டித்தார்கள். அப்பாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னது அந்தப் பணத்துக்காகத்தான். அவர் திட்டவில்லை. "அல் ராஸ்னு ஒரு எடம் இருக்குமே, அங்க போனியா?" என்று கேட்டார். போகவில்லை. ஏலக்காய் வியாபாரம் முழுக்க நடக்கிற இடத்திலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு மாதம் உட்கார்ந்து, யாருக்கோ கோல்டன் விசா விற்றுக்கொண்டிருந்தேன்.

அல் ராஸ் க்ரீக்கை ஒட்டியிருக்கிற பழைய மொத்தச் சந்தை. மிளகு, பாதாம், பேரீச்சை, உலர்ந்த எலுமிச்சை என்று மூட்டைகள் தெருவிலேயே அடுக்கியிருக்கும். கொஞ்ச தூரத்தில் மரத் தோணிகள் கரையில் நின்று சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்பா சொன்ன கடையில் கீழக்கரைக்காரர் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "பாய், உங்ககிட்ட ஒரு மாசம் இன்டர்ன்ஷிப்..." என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். "விசிட்ல வந்த பிள்ளைய வேலைக்கு வச்சா எனக்கு ஒரு லட்சம் திர்ஹம்லேர்ந்து அபராதம் ஆரம்பம். டீ குடி. கேள்வி கேளு, சொல்றேன். தராசத் தொடாதே" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்த ஊரில் என்னிடம் சட்டத்தைப் பேசின ஒரே வியாபாரி அவர்தான்.

கல்லூரி கைடுக்கு மெயில் அனுப்பி நடந்ததை அப்படியே எழுதினேன். நிறுவனப் பயிற்சிக்குப் பதிலாகச் சந்தை ஆய்வாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முதலில் முடியாது என்றவர், நாலு நாள் கழித்துச் சம்மதித்தார். ஜூலை முழுக்க அல் ராஸில் கடை கடையாக ஏறி இறங்கி, டீ குடித்து, கேள்வி கேட்டு எழுதினேன். பாய் இரண்டு கையிலும் ஏலக்காய் அள்ளி என் முன்னால் நீட்டுவார். "எது உங்க ஊரு?" எனக்குப் பார்த்ததும் தெரியும். என் சித்தி போடியில் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை பார்ப்பவர். பள்ளிக்கூட லீவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் பிளந்த காயை ஒதுக்கி, போல்டு என்கிற எட்டு மில்லிமீட்டர் பெரிய காயைத் தனியாகத் தள்ளி விளையாடியிருக்கிறேன். இடது கையில் எங்கள் ஊர்ச் சரக்கு, வலது கையில் கவுதமாலா. அங்கே அரபிகள் ஏலக்காயை ஹெயில் என்கிறார்கள். கஹ்வா என்கிற அரபிக் காபியில் போடுவதற்குப் பச்சை மங்காத, வாய் திறக்காத காய்தான் கேட்பார்கள். உலகத்தில் அதிகமாக ஏற்றுமதி செய்வது கவுதமாலாதான். எங்கள் சரக்கு நிறத்துக்கும் மணத்துக்கும் தனி விலை போகிறது, ஆனால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது விலை. இதையெல்லாம் நான் எந்த எம்பிஏ புத்தகத்திலும் படித்ததில்லை. அறிக்கை 70 பக்கம் வந்தது. சான்றிதழ் கிடையாது. மதிப்பெண் சராசரிக்குக் கொஞ்சம் மேல்.

மொத்தக் கணக்கு இது. கன்சல்டன்சி 95,000, டிக்கெட் 23,500, விசா நீட்டிப்பு 24,500, கட்டிலுக்கு 21,000, சாப்பாடு, மெட்ரோ, சிம் எல்லாம் சேர்த்து 30,000 சொச்சம். கிட்டத்தட்ட 1,95,000 ரூபாய். வந்தது பூஜ்யம். ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஜிபே விவரம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், '60 நாள்' என்று கன்சல்டன்சிக்காரர் அனுப்பின குரல் பதிவு எல்லாம் கைவசம் இருந்தன. இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு 20,000 திருப்பிக் கொடுத்தார்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பியதால்தான் இவ்வளவு சிரமம். அவர் சொன்ன பதில், "அது கடனா வாங்கினது". ஆகவே நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு, ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது, 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அவர்கள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம். 'இது வேலை இல்லை, பயிற்சி' என்று சொல்லித்தான் எங்களிடம் அதைப்போல் மூன்று மடங்கு வாங்கினார்கள். அங்கே சிக்கிக்கொண்டால் பர் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற, இந்தியர்களுக்கான உதவி மையம் இருக்கிறது. நம் ஊரில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. நான் இரண்டையும் அணுகவில்லை. இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அம்மாவின் வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி கட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறோம்.

போன வாரம் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். அதே கன்சல்டன்சி, வேறு பெயரில் வந்திருக்கிறதாம். இப்போது 1,10,000. "அண்ணா, போகலாமா?" என்றாள். லைசென்ஸ் எண் கேட்டாயா என்றேன். கேட்டதாகவும், ஜாயின் பண்ணும்போது தருவதாகச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். விசா எப்போது கையில் வருமாம் என்று கேட்டேன். கிளம்புறதுக்கு முந்தின நாள் அண்ணா, என்றாள்.